மாமிக்கு ஒரு சாயத் தண்ணி

மலைநாட்டுக்கு வருகிறவர்களுக்கு யோசனை சொல்லும் வேலை ஒன்று சில வருடங்கள் என் தலையில் விழுந்திருந்தது. அட்டனில் ஒரு பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பில் வெளிவந்த ஒரு வார இதழில், இராசிபலனுக்குப் பக்கத்தில், சின்ன மூலை ஒன்று காலியாகக் கிடந்ததாம். "டீச்சர், நீங்க அங்கேயே இருக்கிறவங்க. சுற்றுலா வர்றவங்களுக்கு நாலு வரி எழுதித் தாங்களேன்" என்று அதன் ஆசிரியர் கேட்டார். அங்கேயே இருக்கிறவள் எங்கே சுற்றுலா போயிருப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு வாய்க்குக் குறைவில்லை. ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மற்றப் பக்கம்தான் அழகாகத் தெரியும், ஆகவே இடம் கிடைத்த பக்கம் உட்காருங்கள் என்று எழுதினேன். கொழும்பில் வியர்த்துக் கொட்டும்போது பையில் சுவெட்டர் வைக்க மனம் வராது, ஆனாலும் வையுங்கள் என்று எழுதினேன். அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ போதும், அது தானாக விழும். தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் தூரம் கேட்காதீர்கள். "இந்தா, அந்தத் திருப்பந்தாங்க" என்பார்கள். கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிப் பழகிய காலுக்கு அது திருப்பம்தான், உங்கள் காலுக்கு அது அரை நாள். பெயர்ப்பலகையில் இருக்கிற ஆங்கிலப் பெயரைச் சொல்லியும் தேடாதீர்கள். துரைமார் தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, நாங்கள் கூப்பிடுகிற பெயர் வேறு. இரண்டையும் தெரிந்தவர் பஸ் கண்டக்டர் ஒருவர்தான்.

இப்படி ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்கு, என் மாமி வரப்போகிறார் என்று தெரிந்தபோது ஒரு யோசனையும் வரவில்லை.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பாடசாலைக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கல்யாணம் அட்டனில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அப்போது போரால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்தது. அவர் பக்கத்திலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று போட்ட நாற்காலிகள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து, எங்கள் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் எழும்பிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். இவர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். அந்த நிமிடத்தில்தான் இவர் மேல் எனக்கிருந்த காதல் நிச்சயமான காதலாக ஆனது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் மனதுக்குள் ஒரு கேள்வி இருந்தது. மாமி வராமல் போனது பாதை மூடியிருந்ததாலா, அல்லது தோட்டத்துப் பெண் மருமகளாக வருவது பிடிக்காமலா? இவரிடம் கேட்டால், "அம்மா அப்பிடிப்பட்டவ இல்லை" என்பார். மகன்மார் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு சமாதானம் என்றார்கள், பாதை திறந்தது. அந்த வருடம் நாடே பயணப் பையைத் தூக்கிக்கொண்டது போல இருந்தது. தெற்கில் இருந்தவர்கள் யாழ்ப்பாணம் பார்க்கப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் நுவரெலியாவில் பூப் பார்க்க வந்தார்கள். என் மூலைக்கும் மவுசு கூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர், மலைநாட்டில் குளித்தால் காய்ச்சல் வருமா என்று கேட்டிருந்தார். சுடுதண்ணீரில் குளித்தால் வராது, குளிக்காமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு வரும் என்று பதில் எழுதினேன். அந்த அலையில்தான் மாமியும் புறப்பட்டார்.

பாடசாலை விடுமுறையில் நானும் இவரும் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் மாமியைச் சந்தித்தோம். சின்ன உருவம், நிமிர்ந்த முதுகு, வெள்ளைப் புள்ளி போட்ட சேலை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படத்திலை பாத்ததைவிட மெலிவு" என்றார். அது குறையா இரக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த நான் அட்டன் வரும்வரை வாயே திறக்கவில்லை.

ரயில் மேலே ஏற ஏற மாமி யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேயிலை மலைகள் வரத் தொடங்கியதும் நெடுநேரம் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்: "தம்பி, இவ்வளவு காணிக்கும் ஒரு வேலி இல்லையோ?"

"இல்லை அம்மா."

"பிறகு எப்பிடி எல்லை தெரியும்?"

மாமி தலையை ஆட்டிக்கொண்டார். வேலி அடைப்பதிலும் எல்லைச் சண்டையிலும் பாதி ஆயுளைச் செலவழிக்கிற ஊரிலிருந்து வந்தவருக்கு அது பெரிய வியப்பாகத்தான் இருந்திருக்கும். பிறகு அருவிகள். மற்றவர்கள் அருவியைக் கண்டால் படம் எடுப்பார்கள். மாமி கவலைப்பட்டார். "எங்கடை கிணத்திலை கோடைக்கு உவர்த் தண்ணி. இஞ்சை நல்ல தண்ணி கேக்க ஆளில்லாமல் ஓடுது" என்று ஒவ்வோர் அருவிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு அவரை அப்போதே கொஞ்சம் பிடித்துவிட்டது.

மாமிக்காக நான் ஒரு சுற்றுலாத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். இதழில் எழுதுகிற கைக்கு அது கஷ்டமா என்ன? நுவரெலியா, அங்கே குளம், ஹக்கலையில் பூந்தோட்டம், மஸ்கெலியாவில் நீர்த்தேக்கம், திரும்பவும் அட்டன். எல்லா இடமும் இருந்தது. ஓர் இடம் மட்டும் இல்லை. டயகமப் பக்கத்துத் தோட்டத்தில், நான் பிறந்த லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், என் அம்மா தனியாக இருந்தார். அப்பா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று, இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அங்கே மாமியைக் கூட்டிப் போக எனக்குப் பயம். மாமி என்ன நினைப்பாரோ என்பதல்ல, அம்மா மனம் நோகுமோ என்பதுதான் அந்தப் பயம்.

இவருடைய சுவெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர், அதற்கு மேல் என் சால்வை என்று மூடிக்கட்டிக்கொண்டு மாமி எல்லாவற்றையும் பார்த்தார். பூந்தோட்டத்து வாங்கில் உட்கார்ந்து இளைப்பாறும்போது என் பக்கம் திரும்பினார்.

"பூவும் பாத்தாச்சு, குளமும் பாத்தாச்சு. உம்மடை அம்மாவை எப்ப பாக்கிறது?"

"அம்மா இருக்கிறது ரொம்பத் தூரம் மாமி. ரோட்டும் சரியில்ல" என்றேன்.

"யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த எனக்கு நீர் தூரம் காட்டுறீர்" என்றார் மாமி.

டயகம பஸ் கண்டக்டரிடம் அம்மாவுக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அவரே பதிலும் கொண்டுவந்தார். "வரட்டும்னாங்க டீச்சர். சோடா வாங்கி வச்சிருக்காங்களாம், ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அந்தச் சோடாவின் அர்த்தம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெளியூர் உத்தியோகத்தர் ஒருவர் ஏதோ பதிவுக்காக லயத்துக்கு வந்தார். அம்மா சாயத் தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பால் இல்லாத தேநீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "இப்பதான் குடிச்சனான்" என்றார் அவர். போகும்போது வழியில் கடையில் நின்று குடித்துவிட்டுப் போனதை எல்லாரும் பார்த்தார்கள். அம்மா அந்தத் தேநீரை வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினார். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஆட்கள் யார் வந்தாலும் எங்கள் வீட்டில் மூடி திறக்காத சோடாப் போத்தல்தான். எங்கள் கை படாதது, எங்கள் பாத்திரம் படாதது. வருகிறவருக்கும் சங்கடமில்லை, தருகிறவருக்கும் அவமானமில்லை. என் கணவர் முதல்முதல் வந்த அன்றும் சோடாதான் வைத்தார்கள். இவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, சாயத் தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். அதனால்தான் அம்மா அவருக்குப் பெண் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தலவாக்கலையில் பஸ் மாறி, ஆடி அசைந்து, ஏறி இறங்கி. அம்மா என் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில், அந்தச் சின்ன முன்விறாந்தையில், நின்றிருந்தார். கங்காணி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி ஒன்று. அதன் பக்கத்தில் முக்காலி, அதில் சோடாப் போத்தல், திறப்பான்.

"வாங்க சம்பந்தியம்மா" என்று அம்மா கும்பிட்டார். மாமியும் கும்பிட்டார். இவரைக் கோயில் கட்டுகிற இடத்தைக் காட்டவென்று லயத்து ஆண்கள் கூட்டிப் போய்விட்டார்கள். தேவைப்படுகிற நேரத்தில் ஆண்கள் எப்போதும் கோயில் கட்டுகிற இடத்தில்தான் இருப்பார்கள்.

மாமி உட்கார்ந்தார். சோடாப் போத்தலைப் பார்த்தார். "இந்தக் குளிருக்கை சோடாவோ? தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் அடுப்படியில் நின்றோம். நான் அடுப்பை ஊதினேன். அம்மா என்னைக் கேத்திலைத் தொடவிடவில்லை. தன் கையாலேயே தூள் போட்டு, வடித்து, சீனி போட்டு, புதுக் கிளாஸில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மாமி கிளாஸை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினார். கதவு இடைவெளியால் நான் பார்த்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அம்மாவுக்கு வாயும் வரும்.

"ஒங்க மகனும் எங்க புள்ளையும் வீட்டுல எந்த நேரமும் ஒங்களத்தாங்க பேசிக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

மாமி ஊதுவதை நிறுத்தினார். "என்னையோ?"

"ஆமாங்க. இவ வாயத் தொறந்தா ஒங்க பேச்சுத்தான். மாப்பிள்ளையும் சேந்துக்குவாரு. நான் அட்டனுக்குப் போனா நானும் சேந்து பேசுவேங்க."

மாமி உதடு வரை கொண்டுபோன கிளாஸை மெதுவாக முக்காலியில் வைத்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். அம்மாவுக்கு அது கேட்கவில்லை. அம்மா பார்த்ததெல்லாம் வைக்கப்பட்ட கிளாஸைத்தான். பிறகு திறப்பானை எடுத்துச் சோடாப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பரவால்ல புள்ள" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "பாவம், வாய் வரைக்கும் கொண்டு போனாங்க. முடியல போல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு மாமி மேல் வந்த ஆத்திரத்தில் அடுப்பிலிருந்த கேத்திலை எடுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் வெளியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"பிள்ளை, அவ என்னத்துக்குச் சோடாவை உடைச்சவ? அவவுக்கு என்னிலை கோவமோ? நான் அப்பிடி என்ன பிழை விட்டனான், நீங்கள் எல்லாரும் சேந்திருந்து என்னைப் பேச?"

"என்னைய அவ இவன்னுல சொல்றாங்க" என்று அம்மா முணுமுணுத்தார்.

எனக்குப் பொறி தட்டியது. யாழ்ப்பாணத்தில் 'பேசுவது' என்றால் ஏசுவது. நாங்கள் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். கல்யாணம் முடித்த புதிதில், "ஒங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று நான் சொன்னால் இவர் முகம் கறுத்துப் போகும். பிறகு இவர் எங்கள் பேச்சுக்குப் பழகிவிட்டார், நானும் மறந்துவிட்டேன். அதே போல அவர்களுடைய 'அவ' மரியாதைச் சொல். பெற்ற தாயையே "அம்மா வந்தவ" என்பார்கள். எங்களுக்கோ வயதில் பெரியவரை 'அவங்க' என்று சொல்லாவிட்டால் அடி விழும். ஆக, என் அம்மா மாமியை மெச்சியது மாமிக்கு ஏச்சாகப் போயிருக்கிறது. மாமி அம்மாவுக்குக் கொடுத்த மரியாதை அம்மாவுக்கு அவமரியாதையாக வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மனம் நொந்து நிற்கிறார்கள், நடுவில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. மலைநாட்டிலிருந்து வடக்கே போகிறவர்களுக்குப் பிற்பாடு என் மூலையில் ஒரு யோசனை எழுதினேன்: அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் 'பேச வந்தேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழவும் தொடங்கினேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன்.

"மாமி, எங்க பக்கம் பேசுறதுன்னா கதைக்கிறது. ஏசுறது இல்ல. அம்மா, மாமி ஊருல அவன்னா அவங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மாமிதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப நீங்கள் என்னை ஏசேல்லையோ?"

எனக்கு அந்த இடத்தில் பொய் சொல்ல வரவில்லை. "நான் ஏசினதும் உண்டு மாமி, கல்யாணத்துக்கு வரலைன்னு. ஆனா அம்மா சொன்னது அது இல்ல."

மாமி தலையைக் குனிந்துகொண்டார். சால்வை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"பாதை மூடினதுதான் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்" என்றார். "பாதை திறந்திருந்தாலும் அப்ப வந்திருக்க மாட்டன் பிள்ளை. மனம் வரேல்லை. ஒரே பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாக்காமல் விட்டிட்டன். அதை உம்மடை அம்மாவுக்கு நேரை சொல்லவேணும் எண்டுதான் வந்தனான். பூப் பாக்கவோ இவ்வளவு தூரம் வருவன்?"

அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. ஆனால் மாமியின் கண்ணைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. மாமி கை நீட்டி அந்தக் கிளாஸை எடுத்தார்.

"ஆறிப் போச்சுங்க. வேற போட்டுத் தாறேன்" என்று அம்மா பதறினார்.

"ஆறினாலும் இது எனக்கெண்டு ஊத்தினதுதானே" என்றார் மாமி. கைப்பையிலிருந்து ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்தார். பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றப் பாதியை அம்மாவின் கையில் வைத்தார். பிறகு கிளாஸை உயர்த்தி, அடியில் தூள் தெரியும்வரை குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படிக்கு ஓடிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார். திறந்த சோடாவை வீணாக்கக் கூடாதென்று நானே குடித்தேன். அந்தக் குளிரில் பல் கிட்டிப்போனது.

அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மாமி கிணற்றைப் பற்றிச் சொன்னார், அம்மா மலையிலிருந்து வழிந்து வரும் பீலித் தண்ணியைப் பற்றிச் சொன்னார். இருவருக்கும் புரியாத சொற்கள் வந்தபோது கையைக் காட்டிச் சமாளித்தார்கள். மாலையில் இவர் கோயில் கட்டுகிற இடத்திலிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்தார். நடந்தது ஒன்றும் தெரியாமல், "அம்மா, கெதியா வெளிக்கிடுங்கோ. இனிக் கடைசி பஸ்தான்" என்று அவசரப்படுத்தினார்.

மாமி எழும்பி நின்று சால்வையைச் சரிசெய்தார். "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் இண்டைக்கு இஞ்சை நிக்கப் போறன்" என்றார்.

"எதுக்குங்க நிக்கணும்? ஒக்காருங்க" என்று அம்மா நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

இவர் சிரித்துவிட்டார். "அம்மா, மாமி நிக்கிறேன்னு சொல்றது தங்குறேன்னுதான். இன்னைக்கு ராத்திரி இங்க ஒங்க வீட்டுலதான் படுக்கப் போறாங்க" என்றேன்.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். மாமியைப் பார்த்தார். மாமி "ஓம்" என்று தலையாட்டினார்.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனாலேயே அம்மா ஆயுளெல்லாம் தாழ்ந்த குரலில் பேசிப் பழகியவர். அன்று அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குரலை உயர்த்திச் சொன்னார்: "அக்கா, எங்க சம்பந்தியம்மா இன்னைக்கு நம்ம வீட்டுல தங்குறாங்க."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "வந்ததுலருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். கம்பளி குடுத்து விடவா?"

"குடுத்து விடுங்க" என்றார் அம்மா. "நல்லதா பாத்துக் குடுத்து விடுங்க." அந்தக் குரல் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போயிருக்கும்.